வெறும் இழுப்பு

மேடையில் நாங்கள் இழுக்கிற கயிற்றின் மறுமுனையில் ஒன்றும் கிடையாது. வலையும் இல்லை, மீனும் இல்லை. திரைக்குப் பின்னால் ஏதாவது ஒரு இரும்புக் கம்பத்தில் கட்டியிருக்கும். நான்கு ஆண்பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு கூடை நெத்திலிகூட வராத கடலை அரைமணி நேரம் இழுப்பார்கள். நானும் ஜோதிகாவும் ஓரமாக நின்று 'ஏலேலோ' போடுவோம். முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். முதல் நாள் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கச்சிமடத்தில் யாராவது இப்படி வெறுங்கயிற்றை இழுத்தால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

நாங்கள் எட்டுப் பேர். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுத்தான் எங்கள் சரக்கு. அம்பா எடுத்துக் கொடுப்பவர் சந்தியாகு மாமா, என் வீட்டுக்காரர் டென்னிஸின் சித்தப்பா. கயிறு பிடிக்கிற நாலு பேரும் அவரோடு கரையில் இழுத்தவர்கள். உறுமி அடிக்கிற மருதுபாண்டி முதுகுளத்தூர்க்காரன்; பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்ததோடு சரி. குழுவில் பெண்களும் இருக்க வேண்டும் என்று எங்களை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டவர்கள் கடிதத்தில் எழுதியிருந்தார்களாம். அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் நானும் ஜோதிகாவும். என் குரல் நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லிக் கூப்பிடவில்லை. இருந்தது, அவ்வளவுதான்.

அம்பாவில் பேர் கூப்பிடுகிற இடம் ஒன்று உண்டு. கரைவலையில் முன்கயிறு பிடிப்பவர்கள் அலை ஏறும்போது மார்பளவு தண்ணீரில் நிற்பார்கள். காலடியில் எங்கே பள்ளம் என்று தெரியாது. அலை மேலே வந்தால் பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவன் தெரிய மாட்டான். அதனால் அம்பாக்காரர் வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். 'சூசை எங்கே ஏலேலோ?' என்றால் சூசை 'இருக்கேன் ஏலேலோ' என்று சொல்லி ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். கூப்பிட்ட பேருக்குப் பதில் வரவில்லை என்றால் அத்தனை பேரும் அந்த நொடியே கயிற்றைப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். எத்தனை ஆயிரம் மீன் வலையின் மடிக்குள் கிடந்தாலும் சரி. அந்த ஆளைப் பற்றி அவன் சொந்தக்காரர் ஒருவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லும்வரை கயிற்றை எடுக்கக் கூடாது.

செத்துப்போனவன் பேரை, அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைத்த பிறகு வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கடலில் காணாமல் போனவனுக்கு அப்படி இல்லை. அவன் பேரைக் கூப்பிடவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அவன் நின்ற இடத்தைக் காலியாக விட்டு, அவன் முறை வரும்போது பாட்டில்லாமல் ஒரு இழுப்பு மட்டும் இழுப்பார்கள். அதற்கு வெறும் இழுப்பு என்று பேர். மூன்றாவது ஆள் வியாகுலத்துக்கும் கடைசி ஆள் பிச்சைக்கும் நடுவில், நாலாவது இடத்தில், ஒன்பது வருஷமாக வெறும் இழுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது என் வீட்டுக்காரர் இடம்.

டென்னிஸ் அன்றைக்குக் கரைவலைக்குப் போகவில்லை. ஆனி மாதம், மீன்பாடு குறைவு, தனியாக வள்ளத்தை எடுத்துக்கொண்டு கணவாய் மீன் பிடிக்கப் போனார். "போயிட்டு வாரேன்" என்றார், "வாங்க" என்றேன். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. மூன்று நாள் தேடினார்கள். நாலாம் நாள் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது, நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் வள்ளம் மட்டும் வாலிநோக்கத்தில் ஒதுங்கியதை உப்பளத்து ஆட்கள் பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள். எஞ்சின் இருந்தது, சோற்றுத் தூக்கு இருந்தது. தூக்கில் பாதிச் சோறு தின்னாமல் இருந்தது. அந்த மீதிச் சோற்றை நினைத்துத்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும், யார் மேல் என்று தெரியாது.

அதற்குப் பிறகு மன்னாரில் பார்த்தேன் என்றார் ஒருவர். கொச்சி ஹார்பரில் தாடியோடு நின்றார் என்றார் இன்னொருவர். கொச்சிக்கு நானே போனேன். அங்கே தாடி வைத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். என் மாமியார் யாகப்பம்மாள் இன்றுவரை பூசைக்குச் சம்மதிக்கவில்லை. "உடம்பப் பாக்காம நான் பூசை வைக்க மாட்டேன்" என்று ஒரே சொல்லில் நின்றுவிட்டார். ரேஷன் கார்டில் இப்போதும் எங்கள் வீட்டில் மூன்று பேர், குடும்பத் தலைவர் டென்னிஸ்.

இப்படி இருந்தவளை ஆன்டனி ராஜ் பெண் கேட்டார். பாம்பனில் ஐஸ் கம்பெனியில் வேலை. மனைவி காய்ச்சலில் போய் ஐந்து வருஷம் ஆகிறது, ஜெர்லின் என்று பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அதிகம் பேசாத மனிதர். எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நாற்பத்தொரு வயதில் வெட்கப்பட எனக்கு நேரமில்லை.

காணாமல் போனவர் இறந்ததாகக் கோர்ட்டில் காகிதம் வாங்கியாயிற்று, ஆயர் இல்லத்திலும் வாங்கியாயிற்று. மிச்சம் ஓலை வாசிப்பதுதான். மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, தடை ஏதும் உண்டா என்று ஊரைக் கேட்ட பிறகுதான் கோவிலில் கல்யாணம். அந்த மூன்று ஞாயிறும் இந்தப் பயணத்துக்குள் வந்து விழுந்தன. கிளம்புவதற்கு முந்தின நாள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. உங்க மனசுல டென்னிஸ் இருக்காரா இல்லையான்னு பேப்பர் சொல்லாது. ரெண்டு ஓலையை நான் வாசிச்சிர்றேன், ஊர் என்ன சொல்லுதுன்னு பாப்போம். மூணாவதுக்கு முந்தி, வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள எனக்கு போன் போட்டு, அவர் இல்லன்னு உங்க வாயால ஒரு சொல்லு சொல்லணும். சொன்னா சனிக்கிழமை காலையில அவர் ஆத்துமாவுக்குப் பூசை, ஞாயித்துக்கிழமை ஓலை. சொல்லலைன்னா ரெண்டோட நிப்பாட்டிருவேன். யாரும் உங்களைத் தப்பாப் பேச மாட்டாக."

ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல முடியாமல்தான் பிளேன் ஏறினேன். தூரமாகப் போனால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு டென்மார்க்கில் இருந்தோம். ஜோதிகாவுக்கும் எனக்கும் ஒரே அறை. அவள் மூன்று வயதுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டு வந்தவள், அறைக்கு வந்தால் போனைத் தலையணையில் சாத்திவைத்துக்கொண்டு வீடியோவில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள். இங்கிருந்து வாயைத் திற என்பாள், அங்கே அது திறக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். எனக்குப் பிள்ளை இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. அதில் கவிச்சி வாடை இல்லை, காக்கா இல்லை, கரையில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டு எங்கே போய்விடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

காலையில் ஆன்டனி ராஜின் குரல் போனில் வந்திருந்தது. "சாப்பிட்டீகளா? மொத ஓலை வாசிச்சாச்சு. குளிருக்குக் காதுல துணி கட்டிக்கங்க. ஜெர்லின் உங்களைக் கேட்டா. வேற ஒண்ணுமில்ல." எல்லாச் செய்தியும் 'வேற ஒண்ணுமில்ல' என்றுதான் முடியும். அதை ஏழெட்டுத் தடவை கேட்டேன்.

அன்றைக்கு மேடையில் வெறும் இழுப்பு வந்தது. சூசை இருக்கேன் என்றான், அருளப்பன் இருக்கேன் என்றான், வியாகுலம் இருக்கேன் என்றான். பிறகு சத்தமில்லாமல் ஒரு இழுப்பு, மருதுபாண்டியின் உறுமிகூட நின்றுவிடும். அந்த ஒரு இழுப்பு நேரம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கரையில் கேட்ட நாளிலிருந்து எனக்கு அது பழக்கம். நிகழ்ச்சி முடிந்ததும் எங்களைக் கூட்டி வந்த வெள்ளைக்கார அம்மாள் ஓடிவந்து, அந்த மௌனம் அற்புதம், அதை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னதும் சந்தியாகு மாமா, "நீட்டக் கூடாது தாயி, ஒரு இழுப்புத்தான்" என்றார். ஏன் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. எங்களிலும் யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஸ்வீடன். அதற்குள் கொண்டுபோன கருவாடு தீர்ந்துவிட்டது. மருதுபாண்டி சாப்பாட்டு மேஜையில் வேகாத மீனைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை அடுப்புல வைக்க மறந்துட்டாங்களா, இல்ல நம்மள வைக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வாய்வரை வரவில்லை. எட்டுப் பேர் ஒரு வேனில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறோம், ஆனால் ஓலை என்று ஒருவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். என்னிடம் பேசினால் டென்னிஸைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்று பயந்து, கருவாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

ஆன்டனி ராஜின் குரல் வந்தது. "ரெண்டாவதும் வாசிச்சாச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. நீங்க மெதுவா யோசிங்க. நீங்க சொல்லாட்டியும் நான் இங்கன ஐஸ் வெட்டிக்கிட்டுத்தான் இருப்பேன், எங்கயும் போயிற மாட்டேன். வேற ஒண்ணுமில்ல."

எங்கேயும் போய்விட மாட்டேன் என்று ஒரு மனிதர் சொல்லிக் கேட்டு எனக்கு எத்தனை வருஷம் ஆகிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வியாழக்கிழமை நார்வேக்கு வந்து சேர்ந்தோம். மாமியாருக்கு போன் போட்டேன்.

"மாமி, நாளைக்குச் சாமியாருக்குச் சொல்லணும்."

"தெரியும்."

"நீங்க சொல்லுங்க மாமி. நீங்க சொன்னா எனக்குப் போதும்."

"பெத்தவ வாயால அதைச் சொல்லக் கூடாது. நான் சொல்ல மாட்டேன்."

"கட்டுனவ மட்டும் சொல்லலாமா?"

வாசலில் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. "நீ சொன்னா நான் கேட்டுக்கிறேன் ஆத்தா. சொல்லச் சொல்லி என்னையக் கேக்காத" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

சந்தியாகு மாமாவிடம் கேட்கலாம் என்று போனேன். பேர் கூப்பிடுகிறவர் அவர்தானே, பேரை எடுப்பதும் அவர்தான் என்று நினைத்தேன். அவர் படுக்கையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, குளிருக்கு இரண்டு ஜோடி காலுறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே, "நானாக் கூப்பிட மாட்டேன், நானா எடுக்கவும் மாட்டேன் தாயி. அது உன் சொல்லு" என்றார். சரிதான், ஒருத்தருக்கும் வேண்டாத சொல் என் தலையில் வந்து விடிகிறது என்று எனக்குக் கோபம். அறைக் கதவை அறைந்து சாத்த நினைத்தேன். அந்த ஊர்க் கதவுகளை அறைந்தாலும் மெதுவாகத்தான் மூடுகின்றன.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி மத்தியானம் இரண்டு மணிக்கு. நம் ஊரில் அப்போது ஐந்தரை. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. என் போனைப் பார்த்துப் பார்த்து இடுப்பில் செருகினேன். சொல்ல மாட்டேன் என்றே முடிவு செய்திருந்தேன். இரண்டு ஓலையோடு நிற்கட்டும், ஆன்டனி ராஜ் நல்ல மனிதர், வேறு பெண் கிடைக்கும். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவரை என் நாக்கால் நான் ஏன் சாகடிக்க வேண்டும்?

மேடை துறைமுகத்திலேயே இருந்தது. பின்னால் திரை கிடையாது, கடல்தான். ஐந்நூறு பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு பாதி போகும்போது எங்களைக் கூட்டி வந்த அம்மாளுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. பார்க்க வந்தவர்களும் கயிறு பிடிக்கட்டும் என்று ஐந்தாறு பேரைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டார். மற்றவர்கள் வால்பக்கம் போய் நின்றார்கள். செம்பட்டைத் தாடி வைத்த ஒரு நெட்டை ஆள் மட்டும், வியாகுலத்துக்கும் பிச்சைக்கும் நடுவில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக அங்கே புகுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிச்சை வேண்டாம் என்று தலையாட்டினான். அவர் பதிலுக்குத் தலையாட்டிச் சிரித்தார்.

சந்தியாகு மாமா ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பாடுகிறவர் அல்ல. கரையில் முகம் தெரியாது, அலை மறைக்கும். அலை வாங்கும்போது மணலில் ஊன்றி நிற்கிற கால்களைப் பார்த்துத்தான் பேர் சொல்வார். நாற்பது வருஷப் பழக்கம். அன்றைக்கும் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சூசை எங்கே ஏலேலோ?"

"இருக்கேன் ஏலேலோ!"

"அருளப்பன் எங்கே ஏலேலோ?"

"இருக்கேன் ஏலேலோ!"

"வியாகுலம் எங்கே ஏலேலோ?"

"இருக்கேன் ஏலேலோ!"

நாலாவது இடத்தில் இரண்டு கால்கள் ஊன்றி நின்றன. ஒன்பது வருஷம் கால் இல்லாத இடம். வாய் முந்திக்கொண்டது.

"டென்னிசு எங்கே ஏலேலோ?"

பதில் வரவில்லை.

சூசை கயிற்றைப் போட்டான். அருளப்பன், வியாகுலம், பிச்சை எல்லோரும் போட்டார்கள். யோசித்துப் போடவில்லை, கை தானாக விட்டுவிட்டது. நாலு பேரும் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். சந்தியாகு மாமாவும் திரும்பினார். மருதுபாண்டிக்கு எங்கள் கரை வழக்கம் எதுவும் தெரியாது, ஆனாலும் உறுமிக் குச்சியைக் கையில் பிடித்தபடி திரும்பி நின்றான். செம்பட்டைத் தாடிக்காரர் மட்டும் கயிற்றை விடாமல் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தார், பாவம். பிறகு அவரும் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். படிக்கட்டில் இருந்த ஐந்நூறு பேரும் இது ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று கடலைப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

டென்னிஸ் போனபோது கரையில் நின்று கடலைப் பார்த்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். நாலாம் நாள் நானும் மாமியாரும் மட்டும்தான். இவ்வளவு பேர் அவருக்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் பேரைக்கூட அறியாதவர்கள், இத்தனை கண்ணை வைத்துத் தேடினார்கள். அந்தக் கடல் வெயிலில் தகடு மாதிரிக் கிடந்தது. அதில் ஒரு தலை, ஒரு கை, ஒரு மிதவைகூட இல்லை.

யாரும் கயிற்றை எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர் சொல்ல வேண்டும். சந்தியாகு மாமா சித்தப்பாதான், ஆனால் கூப்பிட்டவர் வாயே பதில் சொல்லக் கூடாது. அந்த மேடையில் டென்னிஸுக்கு வேறு யாரும் இல்லை, நான்தான் இருந்தேன். என் கையில் மைக் இருந்தது.

"இல்ல மாமா" என்றேன். குரல் துறைமுகம் முழுக்கக் கேட்டது. "டென்னிஸ் இல்ல. தேடியாச்சு. இழுங்க."

சந்தியாகு மாமா என்னைப் பார்த்தார். குனிந்து அவரே கயிற்றை எடுத்து, நாலாவது இடத்தில் போய் நின்று, "இல்ல ஏலேலோ" என்று ஒரு இழுப்பு இழுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். "இல்ல ஏலேலோ." நானும் சொன்னேன். ஐந்நூறு பேர் அர்த்தம் தெரியாமல் எங்களோடு சேர்ந்து பாடினார்கள். அத்தனை பேர் நடுவில் நான் மட்டும்தான் அங்கே இருப்பதுபோல் இருந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் சாமியாருக்கு போன் போட்டேன். மேடையில் சொன்ன சொல்தான், இரண்டாவது தடவை அவ்வளவு கனக்கவில்லை. "சரிம்மா" என்றார்.

சனிக்கிழமை ஆன்டனி ராஜின் குரல் வந்தது. "பூசை முடிஞ்சது. உங்க மாமி வந்தாக. முன் பெஞ்சுல உக்காந்தாக. மெழுகுதிரி அவுகதான் ஏத்துனாக, அணைஞ்சு அணைஞ்சு மூணு தடவை ஏத்துனாக. நான் கிட்டப் போகல, பின்னாலதான் நின்னேன். சாப்பிட்டீகளா?" இந்த முறை 'வேற ஒண்ணுமில்ல' என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். நாங்கள் அதே நாட்டில் இன்னொரு ஊரில் இருந்தோம், பேர் இப்போது ஞாபகம் இல்லை. மேடையில் ஏறும்போது பிச்சை என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கை விரித்த நீளம், ஒரு பாக தூரம் முன்னால் நகர்ந்து, வியாகுலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டான். இடைவெளி மூடிவிட்டது.

பாட்டு நன்றாகத்தான் போனது. வியாகுலம் இருக்கேன் என்றான். நான் வழக்கம்போல மூச்சைப் பிடித்தேன். ஆனால் பாட்டு நிற்கவில்லை, "பிச்சை எங்கே ஏலேலோ" என்று நேராகப் போய்விட்டது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் ஏலேலோ ஒன்று விழாமல் போயிற்று. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. சந்தியாகு மாமா மட்டும் கால்களிலிருந்து தலையை நிமிர்த்தி, நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார்.